மாட்டுக்கு ஒரு சன்னல்

பக்கத்து வீட்டுப் பெண் வாரப் பத்திரிகை ஒன்றைப் படித்து முடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஒரு பக்கம் முழுக்க, வீட்டு வேலையைச் சுலபமாக்க யோசனைகள். வெங்காயம் நறுக்கினால் கண் எரிகிறதா, தண்ணீரில் போட்டு வைத்து நறுக்குங்கள். பால் பொங்கி வழிகிறதா, பாத்திரத்தின் விளிம்பில் வெண்ணெய் தடவுங்கள். அடுப்பில் புகை வருகிறதா, விறகை நன்றாகக் காயவைத்து எரியுங்கள். கீழே எழுதியவரின் பெயரும் இருந்தது. ஆண் பெயர். பத்திரிகையை மடித்து அரிசிப் பானைக்கு மூடியாகப் போட்டேன்.

விறகைக் காயவைத்து எரிக்க வேண்டுமாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஐப்பசி அடைமழையில் விறகை எங்கே காயவைப்பது, அவர் தலைமேலா? இந்த வயதில் கோபப்படக் கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். மற்ற விஷயங்களில் நானும் அடங்கித்தான் போய்விட்டேன். புகையைப் பற்றி யாராவது யோசனை சொன்னால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது.

நான் பிறந்தது கரையாம்புத்தூர். எங்கள் வயல் பிரெஞ்சுக்காரனுடையது, வரப்புக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரனுடையது. மாடு தப்பி ஓடினால் வேறு ராஜ்யத்தில் போய் மேய்ந்துவிட்டு வரும். எங்கள் வீட்டில் சமையல் எல்லாம் தோட்டத்துப் பக்கம், நாலு கால் நட்டுக் கீற்று போட்ட சார்ப்பில். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சமைப்போம். புகை என்பது ஒரு பிரச்சினை என்றே எனக்குத் தெரியாது. பாகூர்ப் பக்கம் என்னைக் கட்டிக்கொடுத்தபோது, நல்ல வீடு, ஓட்டு வீடு, சமையல் உள்ளுக்குள்ளேயே, மழை வெயில் தெரியாது என்று என் அப்பா பெருமையாகச் சொன்னார். அவரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர்தானே.

அந்த வீட்டில் மூன்று ஆண்கள். மாமனார், அவருடைய மூத்த பிள்ளை, இளைய பிள்ளையான என் வீட்டுக்காரர். மாமியார் நான் போவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மூத்தவரின் மனைவி, என் ஓர்ப்படி, எனக்கு முன்னால் பல வருஷங்கள் தனியாக அந்த அடுப்படியில் வெந்தவள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவள்கூட அப்படி இருந்திருக்க மாட்டாள்.

போன முதல் நாள் காலையில் அடுப்படிக்குள் நுழைந்தேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அடுப்பு வாயில் சிவப்பாக ஒரு வெளிச்சம், அதன் பக்கத்தில் ஒரு உருவம். கிட்டே போய்ப் பார்த்தால் அக்கா. இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்து கன்னத்தில் கரியோடு கோடு போட்டிருந்தது. இந்த வீட்டில் மருமகளை அழவைக்கிறார்கள் போலிருக்கிறது, நாமும் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

"இன்னாக்கா, ஏன் அழுவுற?" என்றேன்.

"யாருடி அழுவுறா? இங்க வந்து ஒக்காரு, நீயும் அழுவ" என்றாள்.

ஊரிலும் அவளுக்கு அழுமூஞ்சி என்றுதான் பெயர். கிணற்றடியில் கண் சிவந்து நிற்பாள், கல்யாண வீட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். மாமனார் கொடுமை என்று சிலர் சொன்னார்கள், புருஷன் அடிக்கிறான் என்று சிலர் சொன்னார்கள். இரண்டும் பொய். மாமனார் கை ஓங்கியவர் இல்லை, வாய் விட்டு வைதவரும் இல்லை. அவர் செய்தது வேறு.

அந்த அடுப்படியில் முன்பு புகை போக ஒரு வழி இருந்தது. தோட்டத்துப் பக்கத்துச் சுவரில், ஓட்டுக்குக் கீழே, ஒரு ஆள் தலை நுழைகிற அளவுக்குத் துவாரம். அக்கா கல்யாணமாகி வந்தபோது அது இருந்தது. அப்புறம் எங்கள் தெருவில் ஒருவர் பெரிய சண்டைக்குப் பட்டாளத்தில் போய், பிரான்சு தேசத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். சாயங்காலங்களில் அவரைச் சுற்றிக் கூட்டம். ஐஸ் மழை பெய்வது, வெள்ளைக்காரி மாடு கறப்பது எல்லாம் சொன்னவர், அங்கே வீட்டுக்கு எத்தனை சன்னல் என்று எண்ணி வரி போடுவார்கள் என்பதையும் சொன்னார். வரிக்குப் பயந்து சன்னலைச் செங்கல் வைத்து அடைத்த வீடுகளை அவர் கண்ணாலேயே பார்த்தாராம்.

கேட்டுவிட்டு வந்த என் மாமனாருக்கு அன்றைக்குத் தூக்கமில்லை. அங்கே போடுகிறவன் இங்கே போட எத்தனை நாளாகும், இரண்டு இடத்திலும் பறப்பது ஒரே பிரெஞ்சுக் கொடிதானே என்பது அவர் கணக்கு. அடுத்த வாரமே சேற்றைக் குழைத்து, செங்கல் வைத்து, அடுப்படித் துவாரத்தை அடைத்தார். கூடத்துச் சன்னலை அடைக்கவில்லை. அங்கே அவர் உட்காருவார், அவருக்குக் காற்று வேண்டும்.

இப்படி ஒரு வரி நம் ஊரில் உண்டா என்று, வரி வாங்குகிற கொம்யூன் ஆபீசில் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று என் வீட்டுக்காரரிடம் ஒருமுறை நான் கேட்டேன். அவர் என்னைப் பச்சைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நாமளா போயி கேட்டா அவனுக்கு ஞாபகம் வந்துடாதா? சும்மா கெடக்கறவனுக்கு எடுத்துக் குடுக்கச் சொல்றியா?"

இதுதான் அந்த வீட்டு ஆண்களின் புத்தி. இல்லாத வரிக்குப் பயந்து ஓட்டையை அடைப்பார்கள், அது இல்லை என்று தெரிந்துகொள்ளவும் பயப்படுவார்கள். நடுவில் பெண்கள் புகையைத் தின்றுகொண்டு கிடக்கலாம்.

ஓட்டு வீட்டில் ஓட்டு இடுக்கு வழியாகப் புகை கொஞ்சம் கசிந்து போகும் அல்லவா? அதற்கும் வழியில்லை. அடுப்புக்கு மேலே பனஞ்சட்டம் பரப்பி மண் மெழுகிப் பரண் கட்டியிருந்தார்கள். அதில் விதைநெல், புளி, அவரைக்கொட்டை. புகை படிந்தால் பூச்சி அண்டாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் மாமனார் அந்தப் பரணைக் காட்டுவார். விதைநெல்லுக்குப் பூச்சி வராமல் இருக்க எங்கள் இருவரையும் சேர்த்துப் புகை போட்டார் என்றுதான் நான் சொல்வேன். மிச்சமிருந்த வழி கூடத்துக் கதவு ஒன்றுதான். ஆண்கள் சாப்பிட உட்கார்ந்தால் அதையும் சாத்திவிட வேண்டும். அவர்கள் சோற்றில் புகைவாடை அடிக்கக் கூடாது.

யோசனைகளுக்கு மட்டும் அந்த வீட்டில் குறைவில்லை. கண்ணில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுப்பு மூட்டினால் எரியாது என்பார் மாமனார். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படுத்தால் காலையில் சரியாகிவிடும் என்பார் அக்காவின் புருஷன், என் மச்சாண்டார். ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு சமைக்கலாமே என்றார் என் வீட்டுக்காரர். ஊதாங்குழலில் பலமாக ஊதாதே, மெதுவாக ஊது. ஊதவே ஊதாதே, விசிறு. சவுக்கு மிலாறு வைத்து எரி, கரும்புச் சோகை வேண்டாம். இப்படி மூன்று பேரும் மூன்று வேளையும், சாப்பிட்டுக்கொண்டே சொல்வார்கள். பரணில் இருக்கிற புளிக்குக் கொடுத்த மதிப்பில் பாதியை எங்களுக்குக் கொடுத்திருந்தால், ஒருவர் எழுந்து போய் இரண்டு செங்கல்லைத் தட்டியிருப்பார்.

வேறு வழியில்லாமல் நாங்களும் யோசனைக்காரிகளாகிவிட்டோம். விறகை முந்தின ராத்திரியே அணைந்த அடுப்பின் சூட்டில் சாய்த்து வைப்போம். கொடியடுப்பில் தண்ணீர்ப் பானையை ஏற்றிவிட்டால் பெரிய அடுப்பின் அனலிலேயே அது காய்ந்துவிடும், தனியாக ஒரு தீ வேண்டாம். சட்டியின் அடியில் ஈரமண் பூசி அடுப்பில் ஏற்றினால் கரி மண்ணோடு கழன்று வந்துவிடும், தேய்க்கிற வேலை பாதி. சோறு பாதி வெந்ததும் தீயை இழுத்துவிட்டுத் தணலில் மூடி வைத்தால் மீதி தானே வேகும், அவ்வளவு புகை மிச்சம். கேழ்வரகுக் களி கிண்டுகிற நாளில் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கிண்டுவாள், மூச்சு முட்டியதும் அவள் வெளியே வர நான் உள்ளே போவேன். குளத்தில் முங்கிக் குளிப்பதுபோல ஒரு களிக்கு இரண்டு பேர் முறைபோட்டு முங்கினோம். இன்றைக்கு நினைத்தால் வயிறெரிகிறது. எவ்வளவு சாமர்த்தியம், எல்லாம் ஒரு மனிதர் அடைத்த ஒரு ஓட்டைக்காக.

முதலில் மாறியது அக்காவின் கை. அரிசியில் கல் பொறுக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று சொல்வார்கள். நான் போன சில வருஷத்தில், சோற்றில் கல் கிடக்கிறது என்று ஆண்கள் முறைக்க ஆரம்பித்தார்கள். குழம்பில் உப்பு போட்டுவிட்டு, போட்டது கண்ணில் படாமல் மறுபடி போடுவாள். பானையின் விளிம்பைப் பிடிப்பதாக நினைத்துத் தணலில் கை வைத்தாள் ஒருநாள். நான் அந்தக் கையை மோர்ப்பானையில் முக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னாள்.

"வலது கண்ணுல பாலாடை கட்டுன மாரி இருக்குதுடி. யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்லாம? கண்ணு போனப்புறம் சொல்றதா?"

"சொன்னா இன்னா பண்ணுவாங்க? இன்னொரு யோசன சொல்லுவாங்க."

நான் சொன்னேன். என் வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் சொன்னேன். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள், மச்சாண்டாரோடு நானும் துணைக்குப் போனேன். வெள்ளைக்கார டாக்டர் அக்காவின் இமையைத் திருப்பிப் பார்த்தார். கூட இருந்த தமிழ்க் கம்பவுண்டர் அவர் சொன்னதை எங்களுக்குச் சொன்னார். புகைதான் காரணம், வலது கண்ணில் விழுந்தது விழுந்ததுதான், இடது கண்ணையாவது காப்பாற்ற வேண்டுமானால் புகையில் உட்காரக் கூடாது, சமைக்கிற இடத்தில் காற்று போக வழி செய்யுங்கள். இதை அவர் மச்சாண்டாரைப் பார்த்துத்தான் சொன்னார். சொட்டு மருந்தும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சாண்டார் தன் அப்பாவிடம் சொட்டு மருந்தைப் பற்றி மட்டும் சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை முறை விட வேண்டும், எந்த நேரத்தில் விட வேண்டும் என்றெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். காற்று போக வழி என்ற பேச்சை வில்லியனூர்ப் பாதையில் எங்கேயோ இறக்கிவிட்டு வந்துவிட்டார் போலிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனாரோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று, வேறு யாரிடமோ பேசுவது போல உரக்கச் சொல்ல வேண்டும். அவரும் பதிலைத் தூணைப் பார்த்துச் சொல்வார். அன்றைக்கு நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஏன்க்கா, டாக்டரு இன்னொண்ணு சொன்னாரே, செவுத்துல காத்து போவ வழி வெக்கணும்னு, அத யாரும் சொல்லலியா?"

அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

மாமனார் தூணிடம் சொன்னார். "டாக்டரு வரி கட்டுவானா? பொகை இல்லாத அடுப்பு ஊர்ல எங்க இருக்குது? நிதானமா ஊதச் சொல்லு."

அவ்வளவுதான் பேச்சு. அக்கா அன்று ராச்சாப்பாட்டுக்கு நிதானமாக ஊதினாள்.

அந்த வருஷம் மழை அதிகம். பாகூர் ஏரி நிரம்பி வயலெல்லாம் தண்ணீர் நின்றது. கொசு என்றால் அப்படி ஒரு கொசு. மாமனாரிடம் ஒரு ஜோடி உழவு மாடு இருந்தது, வெள்ளைக் காளைகள், அவற்றின் மேல் அவருக்கு உயிர். கொசுக்கடியில் மாடு நிலைகொள்ளவில்லை என்று மாட்டுக் கொட்டகையில் நொச்சித் தழையும் ஈர வைக்கோலும் போட்டுப் புகைமூட்டம் போட்டார். கொட்டகைக்கு மூன்று பக்கம் மண்சுவர், ஒரு பக்கம் வாசல். சாரலுக்காக வாசலில் தட்டி வைத்துச் சாத்தியிருந்தார்கள். காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு காளைக்கும் கண்ணில் தண்ணீர். மூக்கு ஒழுகுகிறது, வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கின்றன.

மாமனார் பதறிப்போனார். தோளில் கிடந்த துண்டால் மாட்டின் கண்ணைத் துடைத்தார். "வாயில்லா ஜீவன், அதுக்குச் சொல்லத் தெரியுமா?" என்றார். நான் தண்ணீர்க் குடத்தோடு நின்று அதைக் கேட்டேன். வாயுள்ள ஜீவன் சொன்னபோது என்ன ஆயிற்று என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மழை கொஞ்சம் விட்டதும் கொத்தனார் வந்தார். கொட்டகையின் தோட்டத்துப் பக்கச் சுவரில் சன்னல் திறந்தார்கள். சும்மா ஓட்டை இல்லை, கருவேலச் சட்டம் வைத்து, குறுக்கே கம்பு கொடுத்து, மேலே சாரல் விழாமல் ஓலைச் சார்ப்பும் இறக்கி, முறையான சன்னல். மாமனார் பக்கத்திலேயே நின்று, இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டு, காத்து நல்லா வரட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வரி வராதா அப்பா என்று மச்சாண்டாரே கேட்டார். மாட்டுக் கொட்டாய் வூடு ஆகுமா, அதுக்கெல்லாம் எவனும் வரி போட மாட்டான் என்றார் மாமனார். யோசித்துத்தான் வைத்திருக்கிறார்.

அக்கா அடுப்படியில் உட்கார்ந்து இடது கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்ச் சொன்னேன். மாட்டுக்கு சன்னல் வெச்சுட்டாங்கக்கா என்றேன். அவள் மருந்து வெளியே வழிந்துவிடக் கூடாது என்று தலையை அண்ணாந்தே வைத்துக்கொண்டு, "நல்லதுதான், அதுங்களும் பாவம்" என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேன்.

மறுநாள் விடிந்ததும் ஆண்கள் கழனிக்குப் போனார்கள். மாடும் போயிற்று. நான் கொட்டகையைக் கூட்டிச் சாணமும் வைக்கோலும் ஒதுக்கி, சன்னலுக்கு நேர் கீழே சாணி மெழுகி, மூன்று கல்லைக் கூட்டினேன். விறகு, சோற்றுப் பானை, அம்மியில் அரைத்த மிளகாய், கருவாட்டுச் சட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தேன். அக்கா பயந்துபோய்ப் பின்னாலேயே வந்தாள்.

"உனுக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சாடி? மாமா பாத்தா வெட்டிப் போட்ருவாரு."

"வெட்டட்டும். ஒக்காருக்கா."

தீ மூட்டினேன். புகை எழுந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, அப்படியே வளைந்து சன்னல் வழியாகப் போய்விட்டது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மாமனார் அகலமாகத்தான் வெட்டச் சொல்லியிருந்தார். அன்று வைத்த கருவாட்டுக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

மத்தியானம் மாமனார் தனியாக வரவில்லை. வாய்க்கால் வெட்டுவதைப் பார்க்க கொம்யூன் ஆபீசிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வயதானவர், வேட்டிக்கு மேலே கோட்டு, கையில் குடை. எங்கள் ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. இருவரும் தோட்டத்துப் பக்கமாகவே வந்தார்கள். கொட்டகைச் சன்னலில் புகை வருவதைப் பார்த்து அந்த மனிதர், நெருப்பு பிடித்துவிட்டது என்று ஓடி வந்தார். உள்ளே பார்த்தால் நாங்கள் இருவரும் சோறு வடித்துக்கொண்டிருக்கிறோம்.

மாமனாரின் முகம் போன போக்கை நான் சொல்ல வேண்டியதில்லை.

"இன்னா பெரியவரே, வூட்ல அடுப்பு இடிஞ்சுபோச்சா?" என்று வந்தவர் கேட்டார்.

மாமனார் வாயைத் திறப்பதற்குள் நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அக்காவைப் பார்த்து உரக்கச் சொன்னேன். "இல்லக்கா, அடுப்பு நல்லாத்தான் இருக்குது. அடுப்படியில சன்னல் வெச்சா பிரான்சுக்காரன் வரி போடுவானாம். மாட்டுக்கு வெச்சா போட மாட்டானாம். அதான் நாம இங்க வந்துட்டோம்."

அந்த மனிதருக்கு முதலில் விளங்கவில்லை. "சன்னலுக்கு வரியா? நான் இத்தினி வருசமா அங்கதான் ஒக்காந்திருக்கறன், எனுக்குத் தெரியாம எவன் போட்டான்? இந்த ஊர்ல அப்பிடி ஒண்ணும் கெடயாது" என்றவர், மாமனார் பக்கம் திரும்பி, "யாரு சொன்னது உங்களுக்கு?" என்று கேட்டார்.

மாமனார் சொன்ன பதிலை நான் சாகிற வரைக்கும் மறக்கப் போவதில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார், "பொம்பளைங்க பேச்சு. எதையாவது கேட்டுக்கினு வந்து ஒளறுங்க. நீங்க வாங்க, கை கழுவுங்க."

பொம்பளைகள் பேச்சாம். பட்டாளத்துக்காரர் கதையைக் கேட்டுவிட்டு வந்தது யார், தூக்கமில்லாமல் கிடந்தது யார், செங்கல் வைத்து அடைத்தது யார்? என் கையில் கரண்டி இருந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள், சோறு வடியும் வரைக்கும் விடவில்லை. ஆண்களுக்கு நாங்கள் இலை போட்டோம், அவர்கள் சாப்பிட்டார்கள், குழம்பு நன்றாக இருக்கிறது என்று அந்த விருந்தாளி இரண்டு முறை வாங்கி ஊற்றிக்கொண்டார்.

சாயங்காலமே கொத்தனாருக்கு ஆள் போயிற்று. மறுநாள் காலையில் நான் சோற்றுக்கு உலை வைத்தபோது அவர் சுவரின் அந்தப் பக்கம் கடப்பாரையை வைத்தார். மாமனார் அடைத்தது வெறும் சேறுதானே, நாலு தட்டில் உதிர்ந்தது. முதல் செங்கல் விழுந்ததும் வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே வந்து பரணின் அடியில் பட்டது. அடை அடையாகக் கரி தொங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. உலை கொதித்து நான் அரிசி களைந்து போடுவதற்குள் கொத்தனார் வேலையை முடித்து, வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு, கூலிக்கு நின்றார். அந்த வீட்டில் அதற்கு இத்தனை வருஷம் ஆகியிருந்தது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. மாமனார் தெருவெல்லாம் போய்ச் சொல்ல ஆரம்பித்தார். அடுப்படியில ஒரு சன்னல் வைக்கணும்பா, பொம்பளைங்களுக்கு சவுகரியம், கண்ணுக்கு நல்லது, டாக்டரே சொல்றான். ஒதியம்பட்டில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் போனபோது அங்கேயும் சொல்லி, சுவரை உடைக்க வைத்துவிட்டு வந்தார். ஊரில் அதை அவர் யோசனை என்றே பேசிக்கொண்டார்கள். பெண்பிள்ளைகள் மேல் எவ்வளவு அக்கறை பாருங்கள் என்றார்கள். அதனால்தான் சொல்கிறேன், பத்திரிகையில் யோசனை எழுதுகிற மனிதரைப் பார்த்தால் எனக்கு என் மாமனார் முகம்தான் தெரிகிறது.

அக்காவின் இடது கண் பிழைத்தது. வலது கண் கம்பவுண்டர் சொன்னபடி போனது போனதுதான், பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. ஆனால் கண்ணில் தண்ணீர் வடிவது நின்றது. கொஞ்ச நாளில் ஊர் அவளை அழுமூஞ்சி என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டது. மறுபடியும் அரிசியில் கல் பொறுக்கினாள், முகத்தை முறத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு. எங்கள் வீட்டுச் சோற்றில் அப்புறம் கல் வந்ததில்லை.

சில வருஷம் கழித்து மாமனார் காலமானார். வயது முதிர்ந்து, படுத்த படுக்கையாகச் சில நாள் இருந்து போனார். அந்த நாட்களில் அவருக்குக் கஞ்சி ஊட்டியது அக்காதான். பெரிய சாவு. பறை வந்தது, சுற்றுவட்டாரப் பெண்களெல்லாம் வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஏன் வந்தது என்று எனக்கே கோபம். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, எல்லோரும் மாரில் அடித்துக்கொள்ளும்போது அவளும் அடித்துக்கொண்டாள். கண் மட்டும் காய்ந்து கிடந்தது.

பின்னாலிருந்து ஒருத்தி சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. "சும்மா இருக்கும்போதே பொலபொலன்னு ஊத்துவாளே இவ. மாமனாரு செத்துக் கெடக்கறாரு, பொட்டுத் தண்ணி வருதா பாரு. கல்லு நெஞ்சு."

நான் திரும்பினேன். சாவு வீடு என்று பார்க்கவில்லை. "அவரு உசுரோட இருந்தப்பவே மூணு வேளையும் அழுதுட்டாங்க. இன்னும் இன்னா வேணும் உங்களுக்கு?" என்றேன். அந்தப் பக்கத்தில் ஒப்பாரி கொஞ்சம் தடைப்பட்டு, மறுபடி தொடங்கியது.

அக்கா என்னைக் கையைப் பிடித்து அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அன்று அடுப்பு மூட்டவில்லை, சாவு வீட்டில் மூட்ட மாட்டார்கள், பங்காளி வீட்டிலிருந்து சோறு வரும். சாம்பல் ஆறிக் கிடந்தது. அவள் சன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது, நல்ல கண்ணிலும் போன கண்ணிலும். பிறகு தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, அன்னிக்கு இத ஒடைக்கறதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு? ஒல கொதிக்கறதுக்குள்ள முடிச்சிட்டான் இல்ல?"

"ஆமாக்கா" என்றேன்.